ஒன்பதாம் பிரிவு

சாமியாடுகிறவருக்கு நிஜமாகவே சாமி வந்திருக்கிறதா, இல்லை நடிக்கிறாரா என்று கண்டுபிடிக்க அரசாங்கம் ஒரு மிஷின் அனுப்பப்போகிறது என்ற பேச்சு வந்தபோது, வெள்ளூரணியில் வாய்விட்டுச் சிரித்தவர் பூசாரி சீனிச்சாமி ஒருத்தர்தான். மற்றவர்களுக்குச் சிரிக்கிற தெம்பு இல்லை. சண்டை தொடங்கி மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. சிரித்த சீனிச்சாமியும் மிஷின் வந்து இறங்கிய அன்று வாயை மூடிக்கொண்டார். அதோடு சேர்ந்து இரண்டு போலீஸ்காரர்களும் இறங்கினார்கள்.

இந்த மிஷின் எதற்கு என்று முதலில் சொல்லிவிட வேண்டும். சண்டை தொடங்கிய ஆறாம் மாதமே போர்க்காலப் பேச்சுச் சட்டம் வந்துவிட்டது. கூட்டம் போடக்கூடாது, ஊர்வலம் போகக்கூடாது, டீக்கடையில் நாலு பேர் சேர்ந்து முணுமுணுக்கக்கூடாது. கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் இந்த மூன்றை மட்டும் சட்டம் தொடவில்லை. எப்படித் தொடும்? சண்டையே சாமி பேரைச் சொல்லித்தான் ஆரம்பித்தது. அந்தப் பக்கத்துக்காரனும் அவன் சாமி பேரைச் சொல்லித்தான் எதிரே நின்றான். அப்படியிருக்க, எங்கோ ஒரு ஊரில் அருள் வந்து ஆடிய ஒரு பொம்பளை, “போதும்டா, பிள்ளைகளைத் திருப்பிக் கூப்பிடுங்கடா” என்று கத்திவிட்டாள். பிடித்துக்கொண்டு போனார்கள். வழக்கு நடந்தது. அருள் வாக்கு மனிதர் வாக்கு அல்ல, அதற்காக மனிதரைத் தண்டிக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. அவ்வளவுதான். ஒரே மாதத்தில் மாநிலம் முழுக்கப் பெண்களுக்கு அருள் வர ஆரம்பித்துவிட்டது.

அரசாங்கம் சும்மா இருக்குமா? வழிபாட்டு ஒழுங்கு வாரியம் என்று ஒன்றை உண்டாக்கி, கோயிலுக்கு ஒரு அருள்மானியை அனுப்பியது. பார்க்கச் சின்னப் பெட்டிதான். ஆடுகிறவர் மணிக்கட்டில் காப்புக் கயிறு மாதிரி ஒரு பட்டையைப் பூட்டிவிடுவார்கள். மஞ்சள் தடவின மாதிரியே நிறம்கூடக் கொடுத்திருந்தார்கள், அந்த அக்கறைக்கு ஒன்றும் குறைவில்லை. நிஜமான அருள் என்றால் கோயில் வாசலுக்கு மேலே பச்சை விளக்கு எரியும், என்ன வேண்டுமானாலும் பேசலாம். நடிப்பு என்றால் சிவப்பு. சிவப்பு எரிந்தால் அப்புறம் பேச்சு போலீஸ் ஸ்டேஷனில்தான்.

அந்தப் பெட்டியை இயக்குகிற வேலைதான் அனுசுயாவுக்கு. நாற்பத்து மூன்று வயது. ஆஸ்பத்திரியில் இருதயத் துடிப்பைப் படம் எடுக்கிற வேலை பார்த்துக்கொண்டிருந்தவளை வாரியம் இழுத்துக்கொண்டது. அவளுக்குச் சாமி நம்பிக்கை உண்டு, ஆனால் அதைப் பற்றி யோசிக்க நேரம் கிடையாது. இந்த வேலையில் அவளைப் பிடித்து வைத்திருந்தது ஒரு அட்டை. அத்தியாவசியப் பணியாளர் என்று அச்சடித்த அட்டை. அது இருக்கிறவரைக்கும் அவளுடைய மகன் சரணைப் படைக்குக் கூப்பிட மாட்டார்கள். தினமும் காலையில் பையில் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாசல்படி இறங்குவாள்.

அவளுடைய அண்ணன் மகன் மிதுன்பாண்டிக்கு அப்படி அட்டை ஏதும் இல்லை. அண்ணன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. மதினி பாண்டீஸ்வரி பட்டாசு ஆலையில் மருந்து அடைக்கிற வேலைக்குப் போய் ஒற்றை ஆளாக அவனை வளர்த்தாள். சண்டை வந்ததும் அந்த ஆலை குண்டு ஆலையாக மாறியது. அதே பெஞ்சு, அதே ஆட்கள், மருந்தின் அளவு மட்டும் கூடிவிட்டது. மகனும் வடக்கே போனான். வெள்ளூரணியிலிருந்து ஒரே பஸ்ஸில் பதினேழு பேர் போனார்கள், ஒரே படைப்பிரிவு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பதினேழு வீட்டிலும் போன் அடிக்கும். மார்கழிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினேழு வீட்டிலும் போன் அடிக்கவில்லை.

விசாரித்தால் ஒரே பதில்தான் வந்தது. தொடர்பில் இல்லை. தை போய், மாசி போய், பங்குனி பிறந்தும் அதே பதில். உயிரோடு இருக்கிறான் என்றும் சொல்ல மாட்டார்கள், இல்லை என்றும் சொல்ல மாட்டார்கள். படத்துக்கு மாலை போடவும் கை வரவில்லை, நல்லா இருக்கணும் என்று நேர்ந்துகொள்ளவும் வாய் வரவில்லை. பாண்டீஸ்வரி சோறு வைக்கும்போது அவனுக்கும் சேர்த்தே அரிசி போடுவாள். அப்புறம் அந்தச் சோற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். பாவி மனுஷி, அவள் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை.

பங்குனிப் பொங்கலுக்குக் கொடியேறிய மூன்றாம் நாள் பாண்டீஸ்வரி இன்னும் நாலு தாய்மார்களைக் கூட்டிக்கொண்டு அனுசுயா வீட்டுக்கு வந்தாள். வந்தவர்கள் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. பொங்கலன்று பதினேழு பேரும் ஆடப்போகிறோம், பிள்ளைகள் எங்கே என்று ஊர் முன்னால் கேட்கப்போகிறோம், நீ எப்படியாவது பச்சையைப் போட்டுவிடு என்று கேட்டார்கள்.

அனுசுயா முடியாது என்று சொல்லிவிட்டாள். பெட்டியில் ஓடுகிற கணக்கு அப்படியே வாரியத்துக்குப் போகிறது, கையை வைத்தால் அங்கே தெரிந்துவிடும், வேலை போய்விடும், அட்டையும் போய்விடும் என்றாள். அட்டை என்ற வார்த்தை வாயிலிருந்து விழுந்ததும் அவளுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

“உன் பிள்ளை வீட்ல இருக்கான். அதான் உனக்குப் பெட்டி பெருசாத் தெரியுது” என்றாள் பாண்டீஸ்வரி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

அனுசுயாவுக்குச் சுருக்கென்று தைத்தது. எழுந்துபோன அவர்களை வாசல் வரைக்கும் விட்டுவிட்டு, அப்புறம் மனசு கேட்காமல் திரும்பக் கூப்பிட்டாள். உள்ளே உட்காரவைத்து, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். வாரியத்தில் பயிற்சி நடந்தபோது பட்டையை ஒருத்தர் கையில் ஒருத்தர் கட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். கூடப் படித்த ஒரு பெண், புருஷனை அடக்கம் பண்ணி எட்டாம் நாள் வந்திருந்தவள். யாரோ பாவம் அவள் புருஷன் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டார்கள். அவள் பதில் சொல்லவில்லை, அழக்கூட இல்லை. பெட்டியில் பச்சை எரிந்தது. பயிற்சி கொடுத்தவர் பழுது என்று எழுதிவைத்துவிட்டு வேறு பட்டை எடுத்துக் கொடுத்தார்.

“அந்தப் பெட்டிக்குச் சாமியத் தெரியாது மதினி. நாடி, வேர்வை, நரம்புத் துடிப்பு இதைத்தான் பாக்கும். மனுசருக்கு எந்நேரமும் நான் நான்னு உள்ள ஒரு பிடி இருக்கும்ல, அந்தப் பிடி விட்டுப்போச்சான்னு பாக்கும். சாமி வந்தாலும் அது விட்டுப்போகும். தாங்கமுடியாத துக்கத்துலயும் விட்டுப்போகும். ரெண்டுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது.”

“அப்ப நாங்க என்ன செய்யணும்?”

“நடிக்காதீக. இத்தன நாளா பல்லக் கடிச்சு அடக்கி வச்சிருக்கீகள்ல, அத அடக்காதீக. அவ்வளவுதான்.”

ஐந்து பேரும் எழுந்து போனார்கள். ரொம்பக் கெட்டிக்காரத்தனமான யோசனை என்று அனுசுயாவுக்கு அன்றைக்கு ஒரு பெருமைகூட இருந்தது. பின்னால் அந்தப் பெருமையை நினைத்து நினைத்துக் கூசிப்போனாள்.

பொங்கலன்று வேட்டுச் சத்தம் இல்லை, மருந்தெல்லாம் வடக்கே போய்விட்டது. பம்பையும் உடுக்கையும் மட்டும்தான். பாண்டீஸ்வரி முதலாவதாக வந்து கையை நீட்டினாள். அனுசுயா பட்டையைப் பூட்டினாள். சீனிச்சாமி உடுக்கையை அடித்துக்கொண்டு வந்தவர், அவள் முகத்தைப் பார்த்துப் பாட்டை நிறுத்திவிட்டார். அவள் ஆடவே இல்லை. நின்ற இடத்திலேயே உடம்பு மட்டும் கிடுகிடுவென்று நடுங்கியது. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்டுக் கோயில் வாசலில் நின்ற போலீஸ்காரரே ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தார். பச்சை எரிந்தது.

“எங்கடா என் பிள்ளை? பதினேழு பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போனீகளே, எங்கடா வச்சிருக்கீக?”

அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். பதினேழு பேருக்கும் பச்சை. பதினேழு பேரும் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். கூடியிருந்த சனம் அழுதது, போலீஸ்காரர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அனுசுயா பெட்டியின் பின்னால் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். யாரோ படம் பிடித்துப் போட்டார்கள். சித்திரையில் பக்கத்து மாவட்டங்களிலும் அம்மன் கேட்டாள். கடற்கரையில் ஒரு மாதா கோயிலில் புலம்பிய பெண்ணுக்குப் பச்சை, ஒரு தர்காவில் பேயோட்டிக்கொள்ள வந்தவளுக்குப் பச்சை. இனி பதில் சொல்லாமல் தப்ப முடியாது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பதிலும் வந்தது. வாரியத்திலிருந்து மணவாளன் என்று ஒரு அதிகாரி வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், பேச்சில் அப்படியொரு பணிவு. கூடவே ஐந்து லாரிகளில் நெய்யும் சமித்தும் பட்டுப்புடவையும் வந்து இறங்கின. அம்மன் வாய்திறந்து கேட்டுவிட்டாள், அரசாங்கம் தலைவணங்கிப் பரிகாரம் செய்கிறது என்று அறிவித்தார்கள். ஒன்பது நாள் யாகம் நடந்தது. யாகத்தின் கடைசி நாள் பதினேழு தாய்மார்களையும் உட்காரவைத்து மரியாதை செய்து, பிள்ளைகள் எல்லோரும் அம்மன் பொறுப்பில் இருக்கிறார்கள் என்று மணவாளன் ஒலிபெருக்கியில் சொன்னார். சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அனுசுயா அவரைத் தனியாகப் பார்த்து, யாகம் சரி, அவர்கள் கேட்டதற்கு என்ன பதில் என்றாள். மணவாளன் அவளை உட்காரச் சொல்லி, மோர் கொடுக்கச் சொன்னார்.

“யாரும்மா கேட்டது?”

“தாய்மாருதான் சார். பிள்ளை எங்கன்னு...”

“தாய்மார் கேக்கலையே. அம்மன் கேட்டா. அப்படின்னு பச்சை விளக்கு போட்டது நீங்க. பதினேழு கேள்வியும் தெய்வ வாக்குன்னு வாரியத்துல பதிவாயிருக்கு. தெய்வம் கேட்டதுக்குத் தெய்வத்துக்குத்தான் பதில் சொல்ல முடியும். சொல்லிட்டோம். மனுஷங்க யாரும் எங்ககிட்ட ஒண்ணும் கேக்கலை.” மோரைக் குடித்து முடித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். “மனுஷங்க கேட்டா அது வேற விஷயம். அதுக்குச் சட்டம் இருக்கு.”

அனுசுயா மோரைத் தொடவில்லை. மனுஷி கேட்க வேண்டியதைச் சாமி வாயில் போட்டுக் கேட்கச் சொன்னது அவள்தான். இப்போது சாமியிடமே பதிலைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. பாண்டீஸ்வரி வீட்டு வாசலில் கூட்டம் கூட ஆரம்பித்தது. ஊர் முன்னால் முதலில் அருள் வந்தவள் அல்லவா? எலுமிச்சம்பழ மாலையோடு வந்தார்கள், கைக்குழந்தையைக் கொண்டுவந்து காலடியில் கிடத்தினார்கள். ஆலையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மருந்து அடைத்தவர்கள்கூட எழுந்து நின்றார்கள். ஆலைக்கு இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், சாமி வெடிமருந்தைத் தொடலாமா? வைகாசியில் முதல்முறையாக, படைக்குப் போகிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு தாய் வந்தாள். பாண்டீஸ்வரி கையால் திருநீறு வாங்கினால் குண்டு மேலே படாது என்று எங்கோ யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த யாரோ யார் என்று ஊருக்கெல்லாம் தெரியும், வாரியத்தின் வண்டிதான் அவர்களை அழைத்துக்கொண்டு வந்தது. ஆனியில் தினமும் இருபது பிள்ளைகள். மற்ற பதினாறு தாய்மார்களும் திருநீற்றுத் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஏற்பாடு.

வேண்டாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். சொன்னால் யார் கேட்கிறார்கள்? அம்மன் இன்றைக்குக் கோபமாக இருக்கிறாள் என்று கற்பூரத்தைக் கூடுதலாக ஏற்றினார்கள்.

ஒருநாள் அனுசுயா போனபோது பாண்டீஸ்வரி உள்ளறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். யாரோ கட்டிவிட்ட பட்டுப்புடவை. முகம் பாதியாக இளைத்திருந்தது.

“மதினி” என்று கூப்பிட்டாள் அனுசுயா.

பாண்டீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். “இன்னொரு தடவை கூப்பிடு. எல்லாரும் தாயேங்கிறாக. நான் இன்னும் மிதுனுக்கு மட்டும்தான் தாயின்னு ஒருத்தரும் நெனைக்கல.” தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே, “நேத்து வந்த பயலுக்குப் பத்தொன்பது வயசு அனு. திருநீறு பூசிவிட்டேன். சிரிச்சுக்கிட்டே போறான். என் கையக் கும்புட்டுட்டுச் சாகப்போறான்” என்றாள்.

அனுசுயா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் என்னால் வந்தது என்று அழுதாள். பாண்டீஸ்வரி ஆறுதல் சொல்லவில்லை. பேச்சுச் சட்டத்தில் எத்தனை வருஷம் போடுவார்கள் என்று மட்டும் கேட்டாள். மூன்று வருஷம் என்று கேள்வி, சிலருக்குக் கூடுதலாகவும் போடுகிறார்கள் என்று அனுசுயா சொன்னாள். எதற்குக் கூடுதல் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பாண்டீஸ்வரி தலையை ஆட்டிக்கொண்டாள்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு முந்நூறு பிள்ளைகளைப் பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள். எல்லோருக்கும் புதுச் சீருடை, மொட்டைத் தலை. காலையில் அம்மன் வாக்கு, சாயங்காலம் அப்படியே வடக்கே புறப்பாடு. மணவாளன் மேடையில் உட்கார்ந்திருந்தார். பாண்டீஸ்வரியை நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கையை நீட்டினாள், அனுசுயா பட்டையைப் பூட்டினாள். தொட்டபோது கை சில்லென்று இருந்தது. பம்பை ஆரம்பித்தது.

பாண்டீஸ்வரி கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள். நடுக்கம் இல்லை, கண்ணீர் இல்லை. சந்தையில் பேசுகிற குரலில் பேச ஆரம்பித்தாள்.

“நான் பாண்டீஸ்வரி. மிதுன்பாண்டியோட அம்மா.”

வாசலுக்கு மேலே பச்சை எரிந்தது. அனுசுயா பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். பழுது ஒன்றும் இல்லை. அந்தப் பெயரைச் சொன்னதும் உள்ளே இருந்த பிடி விட்டுப்போயிருந்தது, வெளியே மட்டும் அவள் நிமிர்ந்து நின்றாள். பச்சையைக் கண்டதும் கூட்டம் விழுந்து கும்பிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். பாண்டீஸ்வரி என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள், வாய் அசைவதுதான் தெரிந்தது. முந்நூறு பிள்ளைகளும் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார்கள். ஒருத்தன் காதிலும் அவள் சொல்வது ஏறவில்லை. ஏறினாலும் அது அம்மன் சொன்னதாகத்தான் ஆகும்.

அவள் பேச்சை நிறுத்திவிட்டு அனுசுயா பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

“அனு. இதைக் கழட்டு.”

பட்டையின் சாவி அனுசுயாவிடம்தான் இருந்தது. அருளின் நடுவே கழற்றுவது குற்றம், அட்டை அந்த நிமிஷமே செல்லாது. சரண் அப்போது வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். அவனுக்கு மொட்டை அடித்தால் எப்படி இருப்பான் என்று அவளுக்கு ஒரு நொடி தோன்றியது. எதிரே நின்ற முந்நூறு மொட்டைத் தலைகளையும் பார்த்தாள். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்ததுதான். மணவாளன் மேடையிலிருந்து அவளை அடையாளம் தெரியாதவர் மாதிரி பார்த்தார். அனுசுயா எழுந்து போனாள். சாவி இரண்டு முறை நழுவி, மூன்றாவது முறை திறந்தது. விளக்கு அணைந்தது.

விளக்கு அணைந்ததும் குலவை நின்றுபோனது.

“இது சாமி சொல்லல, நான் சொல்றேன்” என்றாள் பாண்டீஸ்வரி. “என் மகன் செத்துட்டான். பதினேழு பேரும் ஒரே நாள்ல செத்துட்டாக. எங்ககிட்டச் சொல்லாம மறைக்கிறாக. பொய்யின்னா பொய்யின்னு சொல்லி என்னையப் பிடிங்க.” அப்புறம் பெயர்களைச் சொன்னாள். மிதுன்பாண்டி, ஹரிகிருஷ்ணன், அஜய்மாரி, சுபாஷ், ரஃபீக், ஜெபின்ராஜ் என்று பதினேழு பெயர்களையும் அப்பன் பெயரோடு சேர்த்துச் சொன்னாள். கடைசிப் பெயருக்கு வருகிறவரைக்கும் அவளைத் தொடலாமா கூடாதா என்று போலீஸ்காரர்களுக்கே குழப்பம். மணவாளன் சாடை காட்டிய பிறகுதான் வந்து பிடித்தார்கள். அனுசுயாவையும் சேர்த்துப் பிடித்தார்கள்.

முந்நூறு பேரில் ஒருத்தன்கூடப் பின்வாங்கவில்லை. சாயங்காலம் வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை, மதியமே பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஏறும்போது சில பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள் என்று சீனிச்சாமி பிற்பாடு சொன்னார். அவ்வளவுதான் நடந்தது.

போலீஸ் ஸ்டேஷன் ஊரணிக்கரையில் இருக்கிறது. ரைட்டர் கற்குவேல் வழக்கு எழுத உட்கார்ந்தார். நல்ல மனுஷன்தான். எதற்கம்மா இந்த வேலை என்று தலையில் அடித்துக்கொண்டே எழுதினார். பேச்சுச் சட்டத்தில் என்ன பேசினார்கள் என்பதை வார்த்தை பிசகாமல் எழுதியாக வேண்டும். ஆகையால் பாண்டீஸ்வரி பதினேழு பெயர்களையும் இன்னொரு முறை சொன்னாள். அவர் ஒவ்வொன்றாக எழுதினார். ஒரு இடத்தில் அவளே தடுமாறினாள், அஜய்மாரியின் அப்பன் பெயர் வரவில்லை. வேலுச்சாமி என்று கற்குவேல் தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே மற்ற பதினாறு தாய்மார்களும் வெயிலில் நின்றார்கள்.

எழுதி முடித்ததும், எந்தப் பிரிவு என்று கேட்டாள் பாண்டீஸ்வரி.

இதில் இரண்டு பிரிவு இருக்கிறது, இன்ஸ்பெக்டர் மேலிடத்தில் கேட்டுக்கொண்டு வரப் போயிருக்கிறார் என்றார் கற்குவேல். நாலாம் பிரிவு என்றால் மூன்று வருஷம், ஒன்பது என்றால் பன்னிரண்டு. நாலாகவே இருக்கும், பயப்படாதே என்றும் சொன்னார். அந்த நேரம் போன் அடித்தது. பேசிக் கேட்டுக்கொண்டு வைத்தார். முகம் தொங்கிப்போயிற்று.

“ஒன்பதுன்னு போடச் சொல்லிட்டாங்கம்மா. முந்நூறு பேருக்கு முன்னால பேசினதால பெரிய பிரிவாப் போடணுமாம்.”

“நாலுன்னா என்ன, ஒன்பதுன்னா என்ன? வாசிச்சுக் காட்டுங்க.”

“நாலு, பொய்ச் செய்தி பரப்புறது. ஒன்பது...” கற்குவேல் புத்தகத்தைப் பார்த்து வாசித்தார். “போர்க்களத்தில் நேர்ந்த உயிரிழப்பை அனுமதியின்றி வெளியிடுவது.” வாசித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“அப்ப நான் சொன்னது பொய்யில்ல” என்றாள் பாண்டீஸ்வரி.

கற்குவேல் புத்தகத்தை மூடினார்.

“எழுதுங்க. ஒன்பதுன்னே எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்.”

அனுசுயாவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஏழு மாதமாகக் கேட்டுக் கிடைக்காத பதிலை வாங்கத்தான், சட்டத்தை முன்பே யாரிடமோ கேட்டு வைத்துக்கொண்டு, மதினி இங்கே வந்திருக்கிறாள். பன்னிரண்டு வருஷத்தைக் கொடுத்து வாங்கியிருக்கிறாள். கடைசி நிமிஷம் வரைக்கும், பொய் என்று போட்டுவிட மாட்டார்களா, மூன்று வருஷத்தோடு பிள்ளையும் மிஞ்சிவிட மாட்டானா என்று அவள் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டுதான் இருந்திருப்பாள். பாண்டீஸ்வரி கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணவில்லை. போட்டுவிட்டு, தலைக்குத் தண்ணி ஊத்தணும், பிள்ளை செத்த கேதம் கேட்டுட்டேன் என்றாள். அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்து, மகனே மகனே என்று அழுதாள். சாமியும் இல்லை, மிஷினும் இல்லை. பெற்றவள் அழுதாள். கற்குவேல் பின்கட்டுக் குழாயில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

வெளியே நின்றவர்களுக்கு அழுகை கேட்டிருக்கும். சுபாஷின் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்ன பிரிவு என்று அனுசுயாவைக் கேட்டாள். அவர்களுக்கும் சட்டத்தை யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். நாலு என்று சொன்னால் இன்றைக்கு ஒரு நாளாவது சோறு வடிப்பார்கள். பிறகு, “ஒன்பது அக்கா” என்றாள்.

சுபாஷின் அம்மா கம்பியை விட்டாள். பின்னால் திரும்பி மற்றவர்களிடம் சொன்னாள். யாரும் கத்தவில்லை. பிறகு ஒருத்தி கரையிலிருந்து படியில் இறங்கினாள், அவள் பின்னால் எல்லோரும் இறங்கினார்கள். கட்டிய சேலையோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மூன்று முறை முங்கினார்கள். விஷயம் தெரிந்து ஊருக்குள்ளிருந்து சொந்தக்காரர்கள் ஒவ்வொருத்தராக வந்து, ஒன்றும் கேட்காமல் அவர்களும் தண்ணீரில் இறங்கினார்கள். அத்தைமார், சித்திமார், மாமன்மார், பங்காளிகள். பொழுது சாய்வதற்குள் ஊரணியில் இடம் இல்லை. கரையில் காவல் நின்ற போலீஸ்காரர் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். கூட்டமா, ஊர்வலமா, என்ன கோஷம் போடுகிறார்கள் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். அவர் ஊரணியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “குளிக்கிறாங்க சார்” என்றார்.